ஜோனதன் டேவிஸ் வேல்ஸை விட்டுப் போனது பணத்துக்காகவா?

1988-ல் டிரிபிள் கிரவுன் (ஒரே சீசனில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மூன்றையும் வெல்வது) வென்ற வேல்ஸ் ரக்பி அணியின் நம்பர் 10 ஜோனதன் டேவிஸ் அடுத்த ஜனவரியிலேயே அணியில் இல்லை. பணத்துக்காக நாட்டைக் கைவிட்டுப் போனார் என்கிறார்களே, அது உண்மையா, அப்புறம் அவர் என்ன ஆனார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பணத்துக்காகத்தான் போனார். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் "கைவிட்டுப் போனார்" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஆளைத் தக்கவைத்துக்கொள்ள அங்கே ஆட்டத்தை நிர்வகிக்கும் வேல்ஸ் ரக்பி யூனியன் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை, போனபிறகு நூறு வருடத்துப் பழைய விதி ஒன்றைக் காட்டிக் கதவையும் சாத்திவிட்டது. கதை கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

அதற்கு முன் ஒரு குழப்பம். இணையத்தில் இந்தப் பெயரைத் தேடினால் 2017-ல் லயன்ஸ் அணியோடு (பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் சிறந்த யூனியன் வீரர்கள் சேர்ந்த கூட்டு அணி) நியூசிலாந்து போய் அசத்திய இன்னொரு ஜோனதன் டேவிஸ்தான் முதலில் வருவார். அவர் வேறு ஆள், ஒரு தலைமுறை இளையவர். நாம் பேசுவது 1962 அக்டோபர் 24 அன்று டிரிம்சாரனில் பிறந்தவரைப் பற்றி. வேல்ஸில் "ஜிஃபி" என்றால்தான் எல்லாருக்கும் தெரியும்.

இவர் கதை புரிய வேண்டுமானால் ரக்பி இரண்டாக உடைந்த கதை தெரிந்திருக்க வேண்டும். 1895-ல் ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டல் என்ற இடத்தில் வட இங்கிலாந்துக் கிளப்புகள் கூடி, நாங்கள் தனியாகப் போகிறோம் என்று அறிவித்தன. காரணம் எளிமையானது. அந்தக் கிளப்புகளுக்கு ஆடியவர்கள் மில் தொழிலாளிகள், சுரங்கத் தொழிலாளிகள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியையாவது கிளப் ஈடுகட்டட்டும் என்று கேட்டார்கள். லண்டனில் இருந்த வசதியான கனவான்கள், விளையாட்டில் காசு புகுந்தால் தூய்மை கெட்டுவிடும் என்று மறுத்தார்கள். மாதச் செலவுக்குக் கவலையில்லாதவர்களுக்குத் தூய்மை பேசுவது சுலபம்தானே! பிரிந்து போனவர்களின் ஆட்டம் மெல்ல மெல்ல வேறு ஆட்டமாகவே மாறியது: 15 பேருக்குப் பதில் 13 பேர், வெளியே போன பந்தை வரிசையாக நின்று எகிறிப் பிடிக்கும் லைன்-அவுட் கிடையாது, பின்னாளில் ஆறு டாக்கிளுக்குள் (பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்துவதுதான் டாக்கிள்) எதிராளியின் கோடு தாண்டாவிட்டால் பந்தை எதிராளிக்குக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் ரக்பி லீக். பழையது ரக்பி யூனியன்.

வேல்ஸ் இதில் ஒரு விசித்திரமான இடம். அங்கேயும் ஆடியவர்கள் சுரங்கத்திலும் இரும்பாலையிலும் வேலை பார்த்தவர்கள்தான், ஆனாலும் நாடு யூனியனோடே நின்றுவிட்டது. அதனால் நூறு வருடம் ஒரே கதை திரும்பத் திரும்ப நடந்தது. பள்ளத்தாக்குக் கிராமத்தில் ஒரு பையன் நன்றாக ஆடுவான், வடக்கிலிருந்து லீக் கிளப்பின் ஆள் பணத்தோடு வீட்டு வாசலில் வந்து நிற்பார், பையன் கையெழுத்துப் போட்டால் அன்றோடு யூனியனில் அவனுக்கு ஆயுள் தடை. "வடக்கே போனான்" என்று சொன்னால் வேல்ஸில் வேறு விளக்கம் தேவைப்படாது. லயன்ஸ் அணிக்கே டெஸ்ட்டில் தலைமை தாங்கிய டேவிட் வாட்கின்ஸ் 1967-ல் சால்ஃபோர்டு லீக் கிளப்புக்குப் போனார். அதற்கும் முன்னால், கார்டிஃப் டைகர் பேயில் பிறந்த கறுப்பின வீரர் பில்லி பாஸ்டன் 1953-ல் விகன் லீக் கிளப்புக்குப் போனபோது பணம் மட்டும் காரணமில்லை. தன் நிறத்தில் ஒருவனை வேல்ஸ் யூனியன் அணியில் எடுப்பார்களா என்ற சந்தேகமும் சேர்ந்துதான் அவரை அனுப்பியது. அவருக்கும், அவரைப் போலவே கார்டிஃபிலிருந்து லீக்குக்குப் போன கிளைவ் சல்லிவனுக்கும் கஸ் ரிஸ்மனுக்கும் கார்டிஃபில் சிலை வைக்க 2023 ஆகிவிட்டது.

யூனியன் பக்கம் உண்மையிலேயே யாரும் பணம் வாங்கவில்லையா என்றால், அதுவும் இல்லை. குறிப்பிட்ட பூட்ஸ் போட்டு ஆட ரகசியமாகக் காசு கைமாறிய விவகாரம் எண்பதுகளில் வெளியே வந்து நாறியது. இன்னொரு பக்கம், ஓய்வு பெற்றபின் சுயசரிதை எழுதிச் சம்பளம் வாங்கிய குற்றத்துக்காக கேரத் எட்வர்ட்ஸ், பாரி ஜான் மாதிரியான மேதைகளையே "தொழில்முறை ஆட்டக்காரர்" என்று முத்திரை குத்தி ஒதுக்கி வைத்தார்கள். மேசைக்கு அடியில் வாங்கினால் அமெச்சூர், மேசை மேல் வாங்கினால் துரோகி.

சரி, இப்போது நம் ஆளிடம் வருவோம்.

டிரிம்சாரன் என்பது தென்மேற்கு வேல்ஸில் லனெத்லிக்குப் பக்கத்தில் இருக்கும் நிலக்கரிப் பகுதிக் கிராமம். வீட்டில் வெல்ஷ் மொழி. அப்பா உள்ளூர் அணிக்கு ஆடியவர்; டேவிஸுக்குப் பதினாலு வயது இருக்கும்போது இறந்துவிட்டார். படித்தது குவென்ட்ரேத் கிராமர் பள்ளி. கார்வின் ஜேம்ஸ், பாரி ஜான், கேரத் டேவிஸ் மூவரும் வேல்ஸுக்கு நம்பர் 10 ஆடியவர்கள், மூவரும் இதே பள்ளியில் படித்தவர்கள்! அந்தப் பள்ளத்தாக்கில் நிலக்கரி எடுக்கிற மாதிரி நம்பர் 10 எடுக்கிறார்கள் என்று வேல்ஸில் ஒரு கேலியே உண்டு. அந்த இடத்தின் பெயர் ஃப்ளை ஹாஃப். இரண்டு அணி முன்வீரர்களும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மிலிருந்து வரும் பந்தை வாங்கி உதைப்பதா, ஓடுவதா, கைமாற்றுவதா என்று அரை நொடியில் தீர்மானிக்க வேண்டியவர். வேல்ஸில் அந்தச் சட்டையைப் போடுபவர் நடந்து போனால் தெருவே திரும்பிப் பார்க்கும், தோற்றால் அதே தெரு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். டேவிஸ் இரண்டையும் அனுபவித்தார்.

பள்ளி முடித்து வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் தொழில் கற்றுக்கொண்டார். பக்கத்திலேயே இருந்த பெரிய கிளப்பான லனெத்லி ஆரம்பத்தில் அவரைக் கண்டுகொள்ளவில்லை. உடம்பு அப்படி, ஒல்லியான ஆள், உயரமும் இல்லை. 1982-ல் நீத் கிளப் அவரை எடுத்தது. மூன்று வருடத்தில், 1985 ஏப்ரல் 20 அன்று, கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் சர்வதேச ஆட்டம். ஒரு டிரை (எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது), ஒரு டிராப் கோல் (ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் தட்டிக் கம்பங்களுக்கு இடையே உதைப்பது), வேல்ஸ் 24-15 வெற்றி. இதைவிட நல்ல அறிமுகத்தை ஒரு வேல்ஸ்காரன் கனவில்தான் காண முடியும்.

அவர் ஆட்டத்தில் என்ன விசேஷம் என்றால், அந்த முதல் நாலு அடி. நின்ற இடத்திலிருந்து வேகம் எடுப்பது. பந்தை வாங்கி நிதானமாக நகர்வது போலத் தெரியும், எதிரே இருப்பவர் அவரை மறித்துவிட்டோம் என்று நினைக்கும் நேரத்தில் வெளிப்பக்கமாக வழுக்கிப் போயிருப்பார். அதோடு கொஞ்சம் திமிரும் உண்டு. நம்பர் 10-க்கு அது இல்லாவிட்டால் வேலைக்கு ஆகாது.

1987-ல் முதல் உலகக் கோப்பை. கால் இறுதியில் இங்கிலாந்தை 16-3 என்று வென்ற வேல்ஸ், அரை இறுதியில் நியூசிலாந்திடம் 49-6 என்று நொறுங்கியது, பிறகு ரொட்டோருவாவில் ஆஸ்திரேலியாவை 22-21 என்று ஒரு புள்ளியில் தாண்டி மூன்றாம் இடம் பிடித்தது. எல்லாரும் அந்த மூன்றாம் இடத்தைக் கொண்டாடினார்கள், 49-6 பற்றி யாரும் பேசவில்லை. பின்னால் நடந்ததற்கெல்லாம் விதை அங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

1988 வசந்த காலம் டேவிஸின் உச்சம். இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணான ட்விக்கென்ஹாமில் 11-3, கார்டிஃபில் ஸ்காட்லாந்தை 25-20, டப்ளினில் அயர்லாந்தை 12-9. டிரிபிள் கிரவுன் கைக்கு வந்துவிட்டது. கடைசியில் பிரான்ஸிடம் மட்டும் 10-9 என்று ஒரே புள்ளியில், நாலு ஆட்டத்தையும் வெல்லும் கிராண்ட் ஸ்லாம் நழுவியது. இதில் ஸ்காட்லாந்து ஆட்டத்தைக் கிடைத்தால் பாருங்கள். ஸ்க்ரம் பின்னால் ராபர்ட் ஜோன்ஸ் தரையோடு தரையாக அனுப்பிய பந்தை வாங்கி, முன்னால் உதைத்துவிட்டு, தானே துரத்திப் போய் விழுந்து டிரை போடுகிறார். ஆட்டம் முடியும் தறுவாயில் அடுத்தடுத்து இரண்டு டிராப் கோல். பின்தங்கியிருந்த ஆட்டத்தைத் தனி ஆளாகக் கால்களால் திருப்பிவிட்டார்.

அதே வருடம் கோடையில் நியூசிலாந்துச் சுற்றுப்பயணம். முதல் டெஸ்ட் 52-3. இரண்டாவது 54-9. கேப்டன் பிளெடின் போவன் காயப்பட்டதால் இரண்டாவது டெஸ்ட்டில் டேவிஸ்தான் கேப்டன். அணி சின்னாபின்னமாகிக்கொண்டிருக்கும்போது தன் கோட்டுக்குப் பக்கத்திலிருந்து கிட்டத்தட்ட மைதானம் முழுக்க ஓடி ஒரு டிரை போட்டார். அந்த 9-ல் பெரும் பங்கு அதுதான்.

திரும்பி வந்ததும் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நியூசிலாந்துக்காரர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள், உடம்பை எப்படி வளர்க்கிறார்கள், நாம் எங்கே பின்தங்கிவிட்டோம் என்பதை நேரில் பார்த்தவர் டேவிஸ். வேல்ஸ் ரக்பி யூனியனின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதைப் பேச அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. ஆட்டக்காரன் மைதானத்தில் ஆடட்டும், கூட்டத்தில் பேச நாங்கள் இருக்கிறோம் என்பது அவர்கள் மனப்பான்மை. சில மாதம் முன்பு டிரிபிள் கிரவுன் வாங்கித் தந்த பயிற்சியாளர் டோனி கிரேயை வேலையிலிருந்து தூக்கினார்கள், அதோடு பிரச்சினை தீர்ந்தது என்று கையைக் கழுவிக்கொண்டார்கள். டிசம்பரில் ருமேனியா கார்டிஃபுக்கு வந்து 15-9 என்று ஜெயித்துவிட்டுப் போனது. சொந்த மண்ணில் அப்படி ஒரு தோல்வி, கேப்டன் டேவிஸ், பழி முழுக்க அவர் தலையில்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1989 ஜனவரி முதல் வாரத்தில் விட்னஸ் லீக் கிளப்போடு கையெழுத்துப் போட்டார். தொகை 2,30,000 பவுண்டு என்று அப்போது பேசப்பட்டது, லீக் அதுவரை கண்டிராத தொகை. குடும்பஸ்தர், 26 வயது, கையில் பெரிய சேமிப்பு கிடையாது, முழங்காலில் ஒரு அடி பட்டால் எல்லாம் முடிந்தது. யூனியன் பக்கம் கிடைப்பதோ கைதட்டலும் வசவும் மட்டும். நீங்களோ நானோ அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்?

விட்னஸ் என்பது லிவர்பூலுக்குப் பக்கத்தில் மெர்ஸி ஆற்றங்கரையில் இருக்கும் ரசாயனத் தொழிற்சாலை ஊர். அங்கே இவர் போனபோது பலரும் எதிர்பார்த்தது இவர் தோற்பார் என்றுதான். யூனியனில் ஃப்ளை ஹாஃப் ஒரு ராஜா மாதிரி. முன்னால் எட்டுப் பேர் அடிபட்டுப் பந்தைக் கொண்டுவந்து தருவார்கள், இவர் சட்டை அழுக்காகாமல் ஆடலாம். லீக்கில் அது நடக்காது. எல்லாரும் டாக்கிள் செய்தாக வேண்டும், அதுவும் நூறு கிலோ ஆட்கள் திரும்பத் திரும்ப உங்களைத் தேடி ஓடி வருவார்கள், புதிதாக வந்த, விலை உயர்ந்த, ஒல்லியான வேல்ஸ்காரன் என்றால் கேட்கவே வேண்டாம். பந்தைக் கோட்டுக்கு வெளியே உதைத்து நிலம் பிடிக்கும் யூனியன் வித்தைக்கும் அங்கே பெரிய மதிப்பு இல்லை. டேவிஸ் உடம்பைத் தேற்றினார், நடுவில் நிற்கும் சென்டராகவும், எல்லாருக்கும் பின்னால் நிற்கும் ஃபுல் பேக்காகவும் ஆடக் கற்றுக்கொண்டார். விட்னஸும் சாதாரண அணியாக இருக்கவில்லை. மார்ட்டின் ஓஃபையா, ஆலன் டெய்ட் என்று பயிற்சியாளர் டக் லாட்டன் யூனியனிலிருந்து ஆட்களைப் பொறுக்கி எடுத்துக் கட்டிய அணி. அந்த சீசனில் லீக் சாம்பியன், 1989 அக்டோபரில் ஓல்ட் டிராஃபோர்டில் ஆஸ்திரேலிய சாம்பியன் கான்பெரா ரெய்டர்ஸை 30-18 என்று தோற்கடித்து உலக கிளப் பட்டமும் வாங்கியது. 1991-ல் ஆஸ்திரேலியா போய் கேன்டர்பரி அணிக்கும் ஆடி, அங்கேயும் பெயர் வாங்கினார். விட்னஸுக்குப் பண நெருக்கடி வந்து இவர் சம்பளத்தைத் தாங்க முடியாமல் போனதும் 1993-ல் வாரிங்டனுக்கு மாறினார். அடுத்த வருடம் லீக்கின் சிறந்த வீரருக்கான மேன் ஆஃப் ஸ்டீல் விருது.

அந்தப் பக்கம் வேல்ஸ் யூனியன் அணியின் நிலைமை? 1990-ல் ஐந்து நாடுகள் போட்டியில் முதல்முறையாக நாலு ஆட்டமும் தோல்வி. 1991-ல் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவிடம் 63-6. அதே வருட உலகக் கோப்பையில் சொந்த மண்ணில் மேற்கு சமோவாவிடம் தோற்று வெளியேற்றம். டேவிஸ் ஒருவர் இருந்திருந்தால் இதெல்லாம் நின்றிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் போனது ஒருவர் மட்டும் இல்லை. ஏட்ரியன் ஹாட்லி, ஜான் டெவரூ, பால் மோரியார்ட்டி, டாய் யங், ஆலன் பேட்மன், பிறகு ஸ்காட் கிப்ஸ், ஸ்காட் குவின்னல் என்று ஒரு முழு அணியே வடக்கே குடிபெயர்ந்துவிட்டது. ஹாட்லி இவருக்கு முன்பே போனவர். மற்றவர்கள் பின்னால் போனார்கள்.

1994 அக்டோபர் 22, வெம்ப்ளி. என்னைக் கேட்டால் டேவிஸ் வாழ்க்கையின் சிறந்த நாள் இதுதான், யூனியன் ரசிகர்கள் சண்டைக்கு வந்தாலும் பரவாயில்லை. பிரிட்டன் லீக் அணி, எதிரே ஆஸ்திரேலியா. அந்தக் காலத்தில் ஆஸ்திரேலிய லீக் அணியை ஜெயிப்பது என்பது பத்து வருடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சம்பவம். ஆட்டம் அரை மணி நேரத்தைத் தொடுவதற்குள் பிரிட்டன் கேப்டன் ஷான் எட்வர்ட்ஸ் உயரமாக டாக்கிள் செய்து சிவப்பு அட்டை வாங்கி வெளியே போகிறார். பன்னிரண்டு பேர். இடைவேளைக்கு முன்னால் ஃபுல் பேக்கில் ஆடிய டேவிஸ் வரிசைக்குள் வந்து பந்தை வாங்கி, ஒரு சின்ன இடைவெளியில் நுழைந்து, வேகத்துக்குப் பெயர்போன பிரெட் மல்லின்ஸை வெளிப்பக்கமாகச் சுற்றி வலது மூலையில் பாய்ந்து டிரை போடுகிறார். 32 வயது ஆக இரண்டு நாள் பாக்கி. மல்லின்ஸ் அவரைவிட எவ்வளவோ இளையவர். அந்தப் பழைய முதல் நாலு அடி அப்படியே இருந்தது. பிறகு தோளில் அடிபட்டு வெளியேறினார். பிரிட்டன் 8-4 என்று தாக்குப்பிடித்தது. தொடரின் மற்ற இரண்டு ஆட்டத்தையும் ஆஸ்திரேலியா வென்றது என்பது வேறு விஷயம். சிவப்பு அட்டை வாங்கிய அதே ஷான் எட்வர்ட்ஸ், பிறந்தது முதல் லீக் ஆள், 2008-லிருந்து 2019 வரை வேல்ஸ் யூனியன் அணியின் தடுப்பாட்டப் பயிற்சியாளராக இருந்தார். நூறு வருடம் கட்டிக் காத்த சுவருக்கு இதுதான் மரியாதை!

1995-ல் வேல்ஸ் லீக் அணி ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பை வென்றது, இவர் தலைமையில் உலகக் கோப்பையில் அரை இறுதி வரை போய் இங்கிலாந்திடம் 25-10 என்று தோற்றது. வடக்கே ஓடிப்போனவர்கள் என்று சொல்லப்பட்ட அத்தனை பேரும் சிவப்புச் சட்டையில் தேசிய கீதம் பாடினார்கள்.

அதே வருடம் ஆகஸ்டில் சர்வதேச யூனியன் அமைப்பு பாரிஸில் கூடி, இனி யூனியனிலும் வெளிப்படையாகச் சம்பளம் வாங்கலாம் என்று அறிவித்தது. ஆயுள் தடையெல்லாம் ஒரே நாளில் காற்றோடு போனது. சில வாரங்களிலேயே கார்டிஃப் கிளப் டேவிஸைக் கூப்பிட்டது, அவரும் வந்தார். லீக்குக்குப் போய்த் திரும்பிய முதல் பெரிய பெயர் அவர்தான். ஆனால் உடம்பு தேய்ந்திருந்தது, யூனியன் ஆட்டமும் ஏழு வருடத்தில் மாறியிருந்தது, நம்பர் 10 சட்டை நீல் ஜென்கின்ஸ், ஆர்வெல் தாமஸ் கையில் இருந்தது. வேல்ஸுக்கு இன்னும் ஐந்து ஆட்டம் ஆடினார். கடைசி ஆட்டம் 1997 மார்ச்சில் இங்கிலாந்துக்கு எதிராக, 34-13 தோல்வி. பழைய ஆர்ம்ஸ் பார்க் மைதானத்தை இடிப்பதற்கு முன் அங்கே நடந்த கடைசி சர்வதேச ஆட்டமும் அதுதான். மொத்தம் 32 யூனியன் சர்வதேச ஆட்டங்கள். லயன்ஸ் சுற்றுப்பயணம் ஒன்றுகூடக் கிடையாது. 1989-ல் லயன்ஸ் ஆஸ்திரேலியா போனபோது இவர் விட்னஸில், 1997-ல் கிப்ஸ், குவின்னல், யங், பேட்மன் எல்லாம் லீக்கிலிருந்து திரும்பி லயன்ஸோடு தென்னாப்பிரிக்கா போனபோது இவர் காலம் முடிந்துவிட்டது. அந்தக் கதவு இரண்டு வருடம் முன்னால் திறந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அந்த 1997-லேயே மனைவி கேரன் புற்றுநோயால் இறந்தார். சின்னக் குழந்தைகள் மூன்று பேர். டேவிஸும் அந்த வருடமே ஆட்டத்தை விட்டார். பிறகு கார்டிஃபில் இருக்கும் வெலிந்த்ரே புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி திரட்டும் அமைப்பின் தலைவராகப் பல வருடம் உழைத்தார். விளையாட்டுக்கு 1995-ல் எம்.பி.இ. என்ற பிரிட்டிஷ் கௌரவப் பட்டம் வந்தது, இந்தச் சேவைக்கு 2015-ல் அதைவிட உயர்ந்த ஓ.பி.இ. வந்தது.

மற்றபடி தொலைக்காட்சி. பிபிசியில் லீக், யூனியன் இரண்டுக்கும் வர்ணனை செய்த அபூர்வ ஆள். வெல்ஷ் மொழிச் சேனலான எஸ்4சி-யில் தன் பெயரிலேயே ஒரு அரட்டை நிகழ்ச்சி நடத்தினார், ரக்பி ஆட்டங்களுக்கு முந்தைய இரவுகளில் வரும், கலாட்டா ஜாஸ்தி. அவருடைய வர்ணனை எல்லாருக்கும் பிடிக்காது. வேல்ஸ் பக்கம் சாய்வார் என்பார்கள், சாய்வார்தான்.

பாரி ஜானைவிடப் பெரிய ஆளா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். யூனியன் நம்பர் 10 என்று மட்டும் பார்த்தால் என் ஓட்டு பாரி ஜானுக்குத்தான், 1971-ல் லயன்ஸோடு நியூசிலாந்தில் அவர் ஆடியதற்குப் பக்கத்தில் வைக்க டேவிஸிடம் எதுவும் இல்லை. ஆனால் பாரி ஜானை 13 பேர் ஆட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தி, வாரா வாரம் வடக்குக்காரர்களை டாக்கிள் செய்யச் சொல்லியிருந்தால் ஆறு மாதம் தாங்கியிருப்பாரா என்பது சந்தேகம். டேவிஸ் ஏழு வருடம் தாங்கினார், அதில் பெரும்பகுதி அந்த ஆட்டத்தின் முன்னணி வீரர்களில் ஒருவராக.